விஜயவாடாவில் சொன்னது

விஜயவாடாவில் வண்டி இருபத்திரண்டு நிமிடம் நின்றது. அதற்குள் ஞானசிகாமணி ஒரு முழுப் பகல் ஊர் சுற்றி முடித்துவிட்டார்.

நெற்றிப்பட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். கிருஷ்ணா நதி நினைவில் இருந்தது. அணைக்கட்டு மதகுகளை எண்ணிக்கொண்டே நடந்ததும், மலைக்கோயில் படிகளில் மூச்சு வாங்க உட்கார்ந்ததும், மதியச் சாப்பாட்டில் கோங்குராத் துவையலின் காரம் உச்சந்தலைக்கு ஏறியதும் நேற்று நடந்ததுபோல் இருந்தன. கால் மட்டும் வலிக்கவில்லை.

நாளூட்டி என்ற கருவி வந்த பிறகு சுற்றுலா வண்டிகளில் யாரும் ஊர் பார்க்க இறங்குவதில்லை. ஊருக்கு ஊர் நடையர்கள் என்று ஆட்களை வைத்திருந்தார்கள். அவர்கள் ஒரு நாள் முழுக்கச் சுற்றியதை எடுத்து, வண்டி தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குள் பயணியின் மூளையில் பதித்துவிடுவார்கள். பதியும்போது ஒன்றும் தெரியாது. கனவுகூட வராது. விழித்தால் அந்த நாள் நடந்து முடிந்திருக்கும், அவ்வளவுதான். வெயில் கிடையாது, வரிசை கிடையாது, கோயில் வாசலில் செருப்பு தொலைவதும் கிடையாது.

எதிர் இருக்கையில் அவர் மனைவி கிளாடிஸ் கண் விழித்தாள். முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கையை இழுக்கவில்லை, அவள் விரல்களைப் பிடிக்கவும் இல்லை. நான்கு வருடங்களாக அந்த வீட்டில் யாரும் யாரையும் தொட்டதில்லை. மகன் ஜெபின் போன பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்போல இருந்தார்கள். "சாப்பாடு இருக்கு" என்பாள் அவள். "சரி" என்பார் இவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்குப் பகல் முழுவதும் செய்ய ஒன்றுமில்லை. நாகர்கோவில் வீட்டு மொட்டை மாடியில் போய் நின்று கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். துக்கம் என்று சொல்ல முடியாது. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு நான்கு வருடமாகக் கன்னத்தைவிட்டு இறங்காமல் இருப்பது மாதிரி ஒன்று.

டெல்லியில் இருக்கிற மகள் ஷைனிதான் பிடிவாதமாக இந்த வண்டியில் டிக்கெட் எடுத்திருந்தாள். விமானத்தில் வந்தால் மூன்று மணி நேரம், இரண்டு பேரும் பேசாமலே வந்துவிடுவீர்கள், வழியில் நாலு ஊரைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.

நாக்பூர் வந்தது. நின்றது. விழித்தபோது ஓர் ஏரிக்கரையும் ஆரஞ்சுச் சந்தையும் பெரிய வெள்ளைக் கும்மட்டம் ஒன்றும் அவரிடம் இருந்தன. அந்த நாள் முழுவதும் கிளாடிஸ் அவர் பக்கத்திலேயே நடந்திருந்தாள். அதிகம் பேசவில்லை. ஏரியைக் காட்டினாள், பழம் உரித்துக் கொடுத்தாள். ஜெபினைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. விஜயவாடாவிலும் அப்படித்தான். நல்ல நாட்கள் என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, மனசில் எதுவும் அசையவில்லை.

வண்டிக்குள் இருந்த இந்தக் கிளாடிஸோ, விழித்ததும் அவருக்குக் கால் வலிக்கிறதா என்று கேட்டாள். ரொம்ப தூரம் நடந்துவிட்டோம் என்று அவர் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து அமுக்கிவிட்டாள். ஷைனியிடம் தொலைபேசியில், அப்பா இப்போது ரொம்ப மாறிவிட்டார் என்று சொன்னது அவர் காதில் விழுந்தது.

போபாலுக்குக் கொஞ்சம் முன்னால், வெளியே கோதுமை வயல்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"அணைக்கட்டுல வச்சு நீங்க சொன்னியளே, அதுக்குப் பிறகு எனக்கு நெஞ்சு லேசாயிட்டு."

"எந்த அணைக்கட்டு?"

"விஜயவாடாவுல. கைப்பிடியப் பிடிச்சிட்டு நின்னு அழுதியளே."

அவர் அழவில்லை. மதகுகளை எண்ணினார், அவ்வளவுதான். என்ன சொன்னேன் என்று மெதுவாகக் கேட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஜெபின் கூப்பிட்டத எடுக்கலன்னு."

ஞானசிகாமணிக்கு வண்டியின் சத்தம் கேட்காமல் போயிற்று.

அது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். படிப்பை விட்டது, வேலையை விட்டது என்று மகனோடு ஆறு மாதம் பேச்சு இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு அவன் அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். ஆறு மணிக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் லாரி இடித்துவிட்டது என்று பிறகு போலீஸ்காரர் சொன்னபோதுதான், அவன் எங்கே கிடந்துகொண்டு கூப்பிட்டிருக்கிறான் என்பது புரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தன் போனில் அந்தப் பதிவை அழித்தார். அழித்தது அது மட்டும்தான்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான சொன்னிய."

"அதுக்கு முந்தி."

கிளாடிஸ் ஜன்னலிலிருந்து திரும்பினாள். பையனுடைய போனைப் போலீஸார் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்ததையும், மூன்றாம் நாள் அதைச் சார்ஜ் போட்டுப் பார்த்ததையும் சொன்னாள். கடைசி அழைப்பு, அப்பா என்று இருந்தது. அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. பழைய மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் எழுந்து பெட்டியின் கோடிக்குப் போனார். அங்கே நாளூட்டியை இயக்கும் ஊட்டுநர் பெனாசிர் நெற்றிப்பட்டைகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிக்காரி, நாற்பது வயதிருக்கும். என் மனைவிக்குக் கொடுத்த விஜயவாடாவை நான் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"ஊர் ஒண்ணுதான் சார், எல்லாருக்கும்" என்றாள். "கூட வர்ற ஆளைத்தான் நாங்க குடுக்கிறதில்ல. அது துணையுரு. அவங்கவங்க மூளையே போட்டுக்கும்."

ஆரம்பத்தில் ஊரை மட்டும்தான் பதித்தார்களாம். கணவனும் மனைவியும் விழித்ததும், நீ எங்கே போயிருந்தாய் என்று சண்டை வந்ததாம். அதனால் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடத்தைக் காலியாக விட்டார்கள். அந்த இடத்தில் துணைக்கு வந்தவர் எப்படி இருந்தால் நன்றாக இருக்குமோ, அப்படி வந்து நிற்பார். பிறகு புகாரே வரவில்லை.

"ஏன் சார், மேடம் ஏதாவது சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். தன்னுடைய கிளாடிஸ் ஏன் அந்த நாட்களில் ஜெபின் பேச்சையே எடுக்கவில்லை என்பது நடைவழியில் வரும்போது அவருக்குப் புரிந்தது.

அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, அணைக்கட்டில் நான் சொன்னது முழுவதையும் சொல் என்றார். அவள் சொன்னாள். அவன் குரலைக் கேட்டால் உடைந்து அழுதுவிடுவோம் என்ற பயத்தில்தான் எடுக்கவில்லை என்று அவர் சொன்னாராம். அவன்மேல் கோபமே இருந்ததில்லை, ஒவ்வொரு நாளும் அவன் அறைக் கதவுவரை போய்விட்டுத் திரும்பினேன் என்றாராம். மன்னித்துவிடு கிளாடிஸ் என்று கையைப் பிடித்தாராம்.

"அது நான் இல்ல" என்றார் அவர்.

"தெரியும்."

"நான் அப்படி நினைக்கல. பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேரைப் பாத்தேன். இன்னொரு தடவ..."

"வேண்டாம்."

"கேளு. இன்னொரு தடவ கூப்பிடட்டும்னு..."

கிளாடிஸ் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள். முரட்டுத்தனம் இல்லை, குழந்தையின் வாயைத் துடைக்கிற மாதிரி.

"நீங்க சொல்லியாச்சு. நான் கேட்டும் ஆச்சு. இனி வேற ஒண்ணு சொன்னா அது கெட்டுப்போகும்."

"அது மெஷின் போட்டதாக்கும், கிளாடிஸ்."

"இருக்கட்டும். நம்ம கலியாணம் மட்டும் எங்க இருக்கு? அதுவும் எனக்கு இப்ப நினைப்புலதான இருக்கு. அவனும் அங்கதான இருக்கான்."

அவர் வாயில் அந்த வாக்கியத்தின் மீதிப் பாதி இருந்தது. நான்கு வருடமாகச் சொல்லத் தைரியம் வராத வாக்கியம். இப்போது தைரியம் வந்திருந்தது. கேட்க வேண்டியவள் வேறு ஒருவரிடம் கேட்டு, மன்னித்து, முடித்துவிட்டிருந்தாள். அவர் கோபப்பட முயன்றார். வரவில்லை. அழவும் பார்த்தார். அணைக்கட்டில் நின்ற அந்த ஆளுக்கு அது எவ்வளவு எளிதாக வந்திருக்கிறது என்று தோன்றியது.

போபாலிலும் குவாலியரிலும் அவர் பட்டையைக் கட்டிக்கொள்ளவில்லை. பெனாசிர் உடம்புக்கு என்னவென்று கேட்டுவிட்டுக் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். ஆக்ராவில் அவர் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றார். முப்பத்தாறு பெட்டிகளிலிருந்தும் இறங்கியது அவர் ஒருவர்தான். வெயில் தலையைச் சுட்டது. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. தேநீர்க் கடை மூடிக் கிடந்தது, பலகையில் எழுத்து உதிர்ந்திருந்தது. சுமைதூக்கி ஒருவர், வேலை இல்லாமல் தூணில் சாய்ந்தபடி, இறங்கி நிற்கும் இந்த மனிதரை விநோதமாகப் பார்த்தார். ஜன்னல் கண்ணாடிக்குள் வரிசையாக மனிதர்கள் கண் மூடிக் கிடந்தார்கள். அவர்களில் கிளாடிஸும் இருந்தாள். அவள் உதடு அசைந்ததுபோல் இருந்தது. பதியும்போது ஒன்றும் தெரியாது என்பார்கள், ஆனாலும் அசைந்ததுபோலத்தான் இருந்தது. இருபத்திரண்டு நிமிடம் ரொம்ப நீளமாகப் போயிற்று.

வண்டி கிளம்பிய பிறகு அவள் விழித்தாள். முகம் தெளிந்திருந்தது. இதற்கு முன்னால் அவளை இவ்வளவு அழகாக எப்போது பார்த்தோம் என்று அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

வெள்ளைப் பளிங்கு வெயிலில் கண்ணைக் கூசவைத்ததைச் சொன்னாள். யமுனைக் கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஜெபினின் சின்ன வயதுச் சேட்டைகளைப் பேசிப் பேசிச் சிரித்தோம் என்றாள். ஓணானைப் பிடித்து அவன் அரிசிப் பானைக்குள் போட்ட கதையை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்றாள். அந்தக் கதை அவருக்குத் தெரியாது. அப்போது அவர் பணியில் வெளியூரில் இருந்திருக்க வேண்டும்.

டெல்லிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஷைனி நிலையத்துக்கு வந்து நிற்பாள். மாறிவிட்ட அப்பாவைப் பார்க்க வந்து நிற்பாள். அவளிடமும் அம்மா எல்லாவற்றையும் சொல்வாள், அவளும் அப்பாவிடம் ஏதாவது கேட்பாள்.

ஞானசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பதுபோலக் கிளாடிஸின் பக்கம் காதைச் சாய்த்தார்.

"அப்புறம் நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.