முதல் பக்கத்தில் மூன்று வரி!

"ஐயோ... சார்ர்ர்!"

ரேவதியின் அலறல் செங்கம் ரோடு வரை கேட்டது.

காலை ஒன்பது மணி. ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில், புத்தக அலமாரிக்குக் கீழே கிடந்தார் ஜெரோம். பிரெஞ்சுக்காரர். எழுபத்தொரு வயது. பின் மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

அலமாரியில் ஓர் இடம் காலி!

இன்ஸ்பெக்டர் அன்புச்செல்வி அரை மணியில் வந்துவிட்டாள்.

"என்ன புக்கும்மா காணோம்?"

"1913ல பாரிஸ்ல வந்த கவிதை புக்கு மேடம். முதல் பதிப்பு. எழுதினவரே ஃப்ரெண்டுக்கு மூணு வரி எழுதி, கையெழுத்துப் போட்டது..."

"விலை ஜாஸ்தியோ?"

"கையெழுத்து இருக்கறதால ரொம்ப ஜாஸ்திங்க!"

பதில் சொன்னவர் வாசலில் நின்ற கலையரசன். புதுச்சேரியில் பழைய புத்தக வியாபாரி.

"அதை வாங்கத்தான் நேத்தே வந்து லாட்ஜ்ல தங்கினேன். இன்னிக்குத் தர்றேன்னாரு... பாவம்!"

கர்சீப்பால் கண்ணைத் துடைத்தார்.

அன்புச்செல்வி ரேவதி பக்கம் திரும்பினாள்.

"பூட்டு உடையலை. சாவி உன்கிட்ட. இங்க பிரெஞ்சு தெரிஞ்சவளும் நீதான். புக்கை எங்க வெச்சிருக்கே?"

"நான் எடுக்கலை மேடம்!"

"பின்ன யாரு? சொல்லு!"

ரேவதி கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி மூன்று வருடமாக ஜெரோமிடம் வேலைக்கு வருபவள். உண்மையைச் சொன்னால் ஜெயில்... சொல்லாவிட்டால் தூக்கு!

"அதுக்காக யாரையும் கொல்ல எனக்கென்ன பைத்தியமா மேடம்... அந்த மூணு வரியும்... நான் எழுதினது!"

"என்னது?!"

"புக்கு நிஜம். கையெழுத்து பொய். அந்தக் கவிஞரோட பழைய கடுதாசியைக் காட்டி சார்தான் பழக்கினாரு. மாட்டேன்னேன்... அப்ப நாளையிலேர்ந்து வராதேன்னாரு."

விசும்பினாள்.

அன்புச்செல்வி நோட்டை நீட்டினாள். "எழுதிக் காட்டு."

ரேவதி அந்த மூன்று வரியையும் எழுதினாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை!

எட்டிப் பார்த்த கலையரசனின் முகம் வெளுத்தது. அதே சாய்வு... அதே சுழிப்பு!

"பொய்யா?! இந்தப் பொய்க்கா நான் அந்தாளை..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

லேட்!

கான்ஸ்டபிள் மணி அவர் தோள்பையைப் பிடுங்கினார். உள்ளே, துண்டில் சுற்றிய புத்தகம்!

"விடிகாலைல பேசத்தான் வந்தேன் மேடம்... விலையை ஏத்திட்டே போனாரு... தள்ளிட்டேன்..."

கலையரசன் ஜீப்பில் ஏற்றப்பட்டார்.

"அப்ப... நான் வீட்டுக்குப் போவட்டா மேடம்?" ரேவதி கண்ணீரோடு கேட்டாள்.

"எங்க போறே? போலிக் கையெழுத்து கேஸ் தனியா இருக்கே! ஸ்டேஷனுக்கு வா. வாக்குமூலத்துல ஒரு கையெழுத்து வேணும்..."

அன்புச்செல்வி தொப்பியைச் சரிசெய்தாள்.

"இந்தத் தடவையாவது உன் கையெழுத்தைப் போடு!"