பதினோராவது மதகு

"இறங்குடா! சைக்கிள விட்டு இறங்குன்னு சொல்றேன்ல!"

"மாட்டேன்! இன்னும் ஏழே மதகுதான்க்கா, ஏழு மதகு தாண்டுனா—"

"மதகும் வேணாம் மண்ணும் வேணாம். சட்டக் கைய மேல ஏத்து."

"—தாண்டுனா அப்பா வீடு! கைய விடுக்கா, நான் போயிட்டே இருப்பேன்!"

"ஏத்துடாங்குறேன்!"

வேதவல்லி தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பட்டன் ஒன்று தெறித்துக் கால்வாயில் விழுந்தது. முழங்கை வரைக்கும் முத்து முத்தாக நீர்க் கொப்புளங்கள்! கழுத்தில், காதுமடலுக்குப் பின்னால், தலைமயிருக்குள்ளும்கூட. இரண்டு நாளாக இந்த வெயிலில் காலர் பட்டன் வரை போட்டுக்கொண்டு தில்லை ஏன் மிதித்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தொட்ட கை சுட்டது.

"எப்பலேர்ந்து?"

"முந்தாநாள்லேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திப்புடுவே. இப்ப நிறுத்திட்டேல்ல?" தில்லை சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த ஜுபைர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். பார்த்தான். "அட, அம்மையாடா மாப்ள? கெளம்புறப்ப உங்க எதுத்த வீட்டுப் புள்ளைக்குப் போட்டிருந்துச்சே! அதத் தூக்கி வச்சுக் கொஞ்சாதடான்னு அப்பவே சொன்னேன்" என்றான்.

மூவரும் காரைக்கால்காரர்கள். வேதாவுக்கு முப்பத்தைந்து வயது. நாலு வருடமாகப் பாரிஸ் பக்கம் ஓர் ஓட்டல் சமையலறையில் வேலை. தில்லை அவளுக்கு ஆறு வயது இளையவன். ஜுபைர் அவனுடைய பள்ளித் தோழன். ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். இந்த இரண்டு பேரும் சுற்றுலா விசாவில் வந்து இறங்கியது பிரான்சைச் சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு மனிதரைத் தேடி. கையில் இருந்தது ஒரே ஒரு படம்.

அந்தப் படத்தை வரைந்தவர் அப்பா அஞ்சப்பன். தில்லை வயிற்றில் இருக்கும்போது பிரான்சுக்குப் போனவர், சரக்குப் படகில் வேலைக்குச் சேர்ந்தார். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது ஒரு கடிதத்தில் படம் போட்டு அனுப்பினார். ஓர் ஆறு. அதன் மேலே பாலம். பாலத்தின் மேலே வண்டிக்குப் பதில் கால்வாய் ஓடுகிறது, கால்வாயில் படகு போகிறது! அதற்குப் பிறகு கோடு கோடாகப் பதினோரு மதகுகள். அதாவது, படகை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற இரட்டைக் கதவுகள். பதினோராவது மதகின் ஓரத்தில் ஒரு வீடு. 'தில்லை, நீ பெரியவனாகி வரும்போது மதகை எண்ணிக்கொண்டே வா. எண்ணிக்கை தவறாதே' என்று கீழே எழுதியிருந்தது.

அந்த மார்கழியில்தான் கடல் ஊருக்குள் வந்தது. வீடு போயிற்று. கடிதங்களும் விலாசம் எழுதிய உறைகளும் போயின. தில்லையின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் மடித்து வைத்திருந்த படம் மட்டும் அவனோடு தப்பியது. அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடலை விட்டுத் தள்ளியிருந்த மாமா வீட்டில் போய்த் தங்கினாள். அப்பாவிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. போன வருடம் அம்மா இறந்துபோனாள்.

கால்வாய் ஓரத்துப் பாதையில் கார் போகாது, சைக்கிள்தான் போகும். இரண்டு வாரம் தேடி அந்தத் தண்ணீர்ப் பாலத்தை நேற்றுக் கண்டுபிடித்தார்கள். "ஆத்து மேல ஆறு ஓடுதுடா!" என்று ஜுபைர் போட்ட கூச்சலில், படகில் போன வெள்ளைக்காரக் கிழவி கைதட்டினாள். அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்து, இப்போது நாலாவது மதகு.

"இப்ப என்ன பண்றது? திரும்பி டவுனுக்குப் போவோம். ஒம்போது கிலோமீட்டர். ஆஸ்பத்திரி இருக்கு" என்றான் ஜுபைர்.

"அம்மை போட்ட உடம்புல ஊசி குத்தக் கூடாது."

"அக்கா, இது பிரான்சு!"

"எந்தச் சீமையா இருந்தா என்னா? ஆத்தா வந்து எறங்கியிருக்கா. நோவு கண்ட எடத்த விட்டு நகத்தக் கூடாது. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் இங்கேருந்து யாரும் வெளிய போவக் கூடாது. எனக்கு ஏழு வயசுல போட்டப்ப அம்மா இப்புடித்தான் பாத்துச்சு. எறங்கலையா எனக்கு?"

"சரி, நான் மட்டும் போயி அப்பாவக் கூட்டியாரேன். இருவது கிலோமீட்டர் இருக்குமா? ஒரு மிதி!"

"யாரும் வெளிய போவக் கூடாதுன்னேன்ல?"

"நீயாவது சொல்லேன்டா மாப்ள!"

தில்லை கண்ணை மூடிக்கொண்டே சொன்னான். "நான் இல்லாம யாரும் போவக் கூடாது. படம் எனக்குத்தான் போட்டாரு."

அதோடு வாதம் முடிந்தது.

மதகுக்காரர் வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. அதன் சுவரோரம் கூடாரம் அடித்தார்கள். வேதா வேப்பிலை தேடிப் போனாள். கரையோரம் ஒரு மரம். ஈர்க்கில் இரண்டு பக்கமும் வரிசையாக இலை. ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, அது வேம்பு இல்ல" என்றான் ஜுபைர்.

"வேம்பு மாதிரி இருக்கு."

"மோந்து பாரு. கசக்குற வாசனையே இல்ல."

"நீ வாய மூடுறியா?" அவள் அதைத்தான் தம்பியின் தலைமாட்டில் பரப்பினாள்.

மறுநாள் மழை பிடித்தது. அதற்கு மறுநாளும் விடவில்லை. ஜுபைரின் போனுக்கு இந்த ஊர் சிம் கிடையாது. வேதாவின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. மழைக்குப் பயந்து படகு ஒன்றும் வரவில்லை. தில்லை முதலில் பேசினான். அப்புறம் சிரித்தான். "அப்பா என்னப் பாத்தா யாருன்னு நெனைப்பாரு? இந்த மூஞ்சியோட போனா பயந்துருவாருக்கா" என்றான். மூன்றாம் நாள் காலையில் பேச்சு நின்று இருமல் வந்தது. நண்பகலில் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வெளியே வந்தது. உதட்டில் நாவல்பழம் தின்றது போல நீலம்.

ஜுபைர் வேதாவைப் பார்த்தான், அவ்வளவுதான்.

"தூக்கு" என்றாள் வேதா. "தூக்குடா ஜுபைர்! எதுல கொண்டு போறது?"

"சாமான் வண்டி இருக்கு!"

மூட்டை முடிச்சுகளை ஏற்றி ஜுபைர் தன் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்து வந்த இரட்டைச் சக்கர வண்டி அது. சட்டி, பாய், அரிசி எல்லாவற்றையும் புல்லில் கவிழ்த்தான். தில்லையைக் குறுக்கிக் கிடத்தி, கூடாரத் துணியால் போர்த்தி, உதிரி டியூபை அறுத்து இறுக்கிக் கட்டினான். புறப்பட்டார்கள்!

பாதை சேறு. இடது பக்கம் கால்வாய் ததும்பி நின்றது. அரை முழம் தவறினால் மூன்று பேரும் தண்ணீரில்! ஜுபைர் எழுந்து நின்று மிதித்தான். வேதா ஒரு கையால் தன் ஹேண்டிலையும் மறு கையால் வண்டியின் விளிம்பையும் பிடித்துத் தள்ளினாள்.

"வலப்பக்கம் ஒடி! வேர் வருது!"

"பாத்துட்டேன்! அவன் மூச்சு வுடுறானா?"

"வுடுறான்! மிதி!"

மூன்றாவது மதகு. இரண்டாவது. செயின் கழன்றது. ஜுபைர் குதித்து, விரல் நசுங்க மாட்டி, ஏறினான். முதல் மதகு. பாலம் வந்தது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துப் போனது, மேலே கால்வாய், அதன் ஓரமாக ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் பாதை. வண்டி கைப்பிடிக் கம்பியில் உரசி உரசிக் கத்தியது.

"அக்கா, நுழையாது!"

"நுழையும்! நான் பின்னாடி தூக்குறேன், நீ இழு!"

நுழைந்தது. அக்கரையில் கட்டியிருந்த படகிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, போர்வைக்குள் இருந்த முகத்தைப் பார்த்து, கேட்காமலேயே போனை எடுத்தாள். கால் மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது.

டாக்டர் இளம்பெண். "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டாள்.

வேதா பிரெஞ்சில் சொன்னாள். "கொப்புளம் வந்து அஞ்சு நாள். மூச்சு வாங்கறது இன்னைக்குத்தான்." பிறகு அவளாகவே சொன்னாள். "மூணு நாள் நான்தான் கொண்டு வரல."

டாக்டர் பேனாவை எடுத்தாள், எழுதாமல் வைத்தாள். பெரியவர்களுக்கு வந்தால் சில பேருக்கு நுரையீரலில் இறங்கிவிடும் என்றாள். இரண்டு பக்கமும் இறங்கியிருக்கிறது, மருந்து ஏறுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

விடிந்ததும் உள்ளே விட்டார்கள். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து தில்லை பேசினான். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"போக்கா. போயி அழச்சிட்டு வா."

"நீ இல்லாம போவக் கூடாதுன்னே?"

"இப்ப சொல்றேன்ல, போன்னு. அவர எப்புடிக் கூப்புடுறதுன்னு யோசிச்சு வச்சிருக்கேன்."

"எப்புடிடா?"

"அவரு வரட்டும்."

வெளியே ஜுபைரிடம் சார்ஜ் ஏறிய தன் போனைக் கொடுத்தாள்.

"நீயே வச்சுக்கக்கா."

"டாக்டர் பிரெஞ்சுல பேசுனா இது தமிழ்ல மாத்திச் சொல்லும். உனக்குத்தான் வேணும். அவன் பக்கத்துலயே இரு."

"எங்க போவப் போறேன்? நீ எண்ணிக்க தவறாம போ."

போனாள்! மழை விட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மதகில் அவர்கள் கவிழ்த்த அரிசி புல்லில் ஊறிக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏழு. எட்டு. தொடை நரம்பு தெறித்தது. பத்து.

பதினோராவது மதகருகே வீடு இருந்தது. வாசலில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வயதானவர், கீரைப் பாத்திக்குள் புகுந்த வாத்துகளைக் குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தார். வாத்துகளைத் தமிழில் திட்டினார். "ஏய், அங்குட்டுப் போ! தெனமும் ஒங்களோட இதே ரோதனையாப் போச்சு!"

வேதா சைக்கிளைப் புல்லில் போட்டாள். "அப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "யாரும்மா நீ?"

"வேதா. ஒங்க பொண்ணு."

"என் பொண்ணு இல்ல" என்றார் அவர். கோபமில்லாமல், விலாசம் தப்பி வந்தவரிடம் சொல்வது போலச் சொன்னார். "எம் புள்ளைங்க கடலோட போயிடுச்சும்மா. போட்ட கடுதாசியெல்லாம் திரும்பி வந்துச்சு. அந்தத் தெருவுல ஒருத்தரும் மிஞ்சலன்னு ஆள் விட்டுக் கேட்டேன்."

அவள் படத்தை நீட்டினாள். அவர் கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் பார்த்தார். குச்சி கீழே விழுந்தது.

"இது தில்லைக்குப் போட்டதுல்ல?"

"ஆமாப்பா."

"அவன்?"

"இருக்கான். ஆஸ்பத்திரில இருக்கான். அம்மை போட்டு மூச்சு முட்டலா இருக்கு. ஒங்கள அழச்சிட்டு வரச் சொன்னான்."

"ஒங்கம்மா?"

வேதா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் மதகுக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம்தான். பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பழைய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கார் யாருகிட்டயும் இல்லையாப்பா?"

"பக்கத்து வீட்டான் சந்தைக்குப் போயிட்டான், சாயங்காலம்தான் வருவான். அதுவரைக்கும் ஒக்காந்திருக்கவா சொல்றே? மிதி பாப்பா!"

அறுபத்தெட்டு வயது மனிதர் அப்படி மிதித்ததை அந்தக் கால்வாய் பார்த்திருக்காது. மூச்சு இரைக்க இரைக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"உசரமா இருப்பானா?"

"ஒங்கள விட உசரம்."

"மீன் திம்பானா?"

"முள்ளோட திம்பான்."

"என்ன வேல பாக்குறான்?"

"ஸ்கூல்ல டிராயிங் வாத்தியாரு."

அவர் இன்னும் வேகமாக மிதித்தார். அப்புறம், "எம் மேல கோவமா இருக்கானா பாப்பா?" என்றார்.

"இல்லப்பா. நீங்க அவனப் பாத்துப் பயந்துடுவீங்களோன்னுதான் கவலப்பட்டான்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முழங்கையால் கண்ணைத் துடைத்தார். சைக்கிள் வளைந்து, கால்வாய் விளிம்பு வரை போய் நேரானது. "பாத்துப்பா!" என்று வேதா கத்தினாள். "இருவத்தொம்போது வருசம் தண்ணி மேலயே கெடந்தவன், எனக்கா சொல்றே!" என்றார் அவர். எத்தனையோ நாளைக்குப் பிறகு வேதாவுக்கும் சிரிப்பு வந்தது. பாலத்தைத் தாண்டும்போது நேர் உச்சியில் வெயில்.

ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சில் ஜுபைர் உட்கார்ந்திருந்தான். மடியில் தில்லையின் ஷூ ஜோடி. இரண்டு கயிறுகளையும் நர்ஸுகள் ஒன்றாக முடிந்து கொடுத்திருந்தார்கள். ஷூவுக்குள் தில்லையின் கைக்கடிகாரம். இவர்களைப் பார்த்ததும் எழுந்தான். வாயைத் திறந்தான். வேதாவைப் பார்த்து, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

வேதா சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றாள்.

அஞ்சப்பன் எதையும் கவனிக்கவில்லை. வண்டியைச் சுவரில் சாய்த்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். தலைமயிரை இரண்டு கையாலும் படிய வாரி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜுபைரிடம் நேராகப் போனார்.

"நீதான் ஜுபைரா? வண்டில வச்சு இழுத்தாந்து சேத்தியாமே, பாப்பா சொன்னுச்சு. நல்லாருக்கணும் நீ. எம் மவன் எந்த ரூம்புல இருக்கான் தம்பி?"