மாவீரனுக்கு ஒரு டைம்பீஸ்

போன் அலறியது!

காலை ஒன்பது மணி. ஓய்வு பெற்ற நூலகர் கட்டில் மேல் ஏறி நின்று, ஓடாத டேபிள் ஃபேனை ஒரு கையில் தூக்கிப் பிடித்துப் பதினோராவது கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டிருந்த செல்போனே திடீரென்று கத்தியதில் ஆள் தடுமாறிப் போனார்.

"ஹலோ... நெட்டுல 'அரும்பொருள்'ங்கற பேர்ல ஏலம் விடறது நீங்கதானே?"

நூலகருக்குப் புல்லரித்தது. பத்து நாளாக இந்த ஒரு போனுக்குத்தான் தவம் கிடந்தார்.

"ஆமா சார்! ஆமா! எது வேணும் சார்? ஃபேனா? ஃபிளாஸ்க்கா? ஃபிளாஸ்க்குல மூடி மட்டும்தான் இல்ல..."

"நீங்கதான் வேணும்."

"புரியல சார்..."

"நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். நீங்க அனுப்பின டைம்பீஸ் ஒரு பிணத்துக்குப் பக்கத்துல கிடக்கு!"

ஃபேன் கை நழுவி நூலகரின் காலில் விழுந்தது. வலித்தது. கத்தக்கூடத் தோன்றவில்லை.

"பின்தெரு பதினேழாம் நம்பர் வீடு. மாவீரன்ங்கற ஆளுக்கு அனுப்பியிருக்கீங்க. மத்தியானம் மூணரைக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. நீங்க வரலேன்னா... நாங்க வருவோம்."

போன் கட்!

வாசலில் மனைவி ஆவலாக நின்றாள்.

"யாருங்க? வாங்கறாங்களா?"

"போலீஸ்..."

"மூடியில்லாத ஃபிளாஸ்க் போலீஸுக்கு எதுக்குங்க?"

*

நூலகர் போலீஸிடம் சொல்லாமல் விட்ட விஷயம் இதுதான்.

மாவீரன் என்று ஒருவன் உலகத்திலேயே கிடையாது!

மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப் போகிறாள். பின்னறையைக் காலி செய்தாக வேண்டும். "எல்லாத்தையும் குப்பையில போடுங்க" என்றாள் மனைவி. நூலகருக்கு மனசு வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் கிழிந்த புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டுக் காப்பாற்றிய மனிதர்! நெட்டில் ஏலம் விடுவேன் என்று கிளம்பினார்.

பதினான்கு பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம், குறைகள் என்று நூலக அட்டை மாதிரி குறிப்பு எழுதினார். ஒரு பயல் சீந்தவில்லை. வந்தது ஒரே ஒரு கேள்வி.

'ஃபேன் ஓடுமா?'

'ஓடாது.'

'அப்புறம் என்ன எழவுக்கு விக்கறே?'

அன்றைக்கு நூலகர் சாப்பிடவில்லை.

கடைசியில் அந்த டைம்பீஸை எடுத்தார். அலாரம் முள் நாலு மணியில் சிக்கிக்கொண்ட டைம்பீஸ். அடிக்க ஆரம்பித்தால் லேசில் நிற்காது. ஆரம்ப விலை ஒரு ரூபாய் என்று போட்டார். ஆச்சரியம்... யாரோ 'பூங்கொத்து' என்ற பெயரில் கேட்டார்கள்! பத்து... இருபது... நாற்பது!

அங்கேயே நின்றிருக்கலாம். சும்மா இருந்த மனுஷனைப் பேராசை பிடித்து ஆட்டியது. இன்னொரு கணக்குத் திறந்தார். பெயர் மாவீரன். விலாசம் கேட்டது. பின்தெருவில் மூன்று மாதமாக 'வாடகைக்கு' போர்டு தொங்கும் பதினேழாம் நம்பர் காலி வீட்டைப் போட்டார். தன் டைம்பீஸைத் தானே அறுபதுக்குக் கேட்டார். பூங்கொத்து எழுபதுக்கு வரும், அப்படியே நழுவிவிடலாம் என்று கணக்கு.

பூங்கொத்து வரவில்லை. ஏலம் முடிந்தது.

மாவீரன் ஜெயித்துவிட்டான்!

ரத்து செய்யப் போனால், 'முதல் விற்பனையை ரத்து செய்தால் கணக்கு முடக்கப்படும்' என்றது கம்ப்யூட்டர். தலையில் அடித்துக்கொண்டார். சரி, காலி வீடுதானே... கூரியர்காரன் பூட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவான் என்று அனுப்பினார். நேற்றுப் பகல் பதினோரு மணிக்குக் கூரியர்காரன் வந்து எடுத்துப் போனான்.

இரண்டு பத்துக்குச் செய்தி வந்தது.

'உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது. பெற்றவர்: மாவீரன்.'

நூலகர் அதை ஏழு தடவை படித்தார். காலி வீடு... இல்லாத ஆள்... எப்படி வாங்கினான்?!

*

மணி மூன்று ஐம்பது. ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் டைம்பீஸ் உட்கார்ந்திருந்தது. எதிரே நூலகர். பக்கத்தில் மனைவி.

"அம்மா எதுக்கு வந்திருக்காங்க?"

"எனக்கும் ஒரு புகார் இருக்கு சார்" என்றாள் மனைவி. "போன மாசம் ஹேர் டிரையர் ஆர்டர் பண்ணேன். பெட்டியைப் பிரிச்சா நாலு சோப்பு! துணி துவைக்கற சோப்பு சார்!"

"அம்மா... இது கொலை கேஸு."

"அதை முடிச்சுட்டே பாருங்க. நான் வெயிட் பண்றேன்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். நூலகர் பக்கம் திரும்பினார்.

"நேத்து நாலு மணிக்கு இந்தச் சனியன் அந்த வீட்டுக்குள்ள அடிக்க ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் தானா ஓய்ஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரங்க எங்களைக் கூப்பிட்டாங்க. பூட்டை உடைச்சுப் பார்த்தா... வீட்டு புரோக்கர் செத்துக் கிடக்கறார். பின்மண்டையில அடி. மத்தியானம் ரெண்டு மணி வாக்குல உயிர் போயிருக்குங்கறார் டாக்டர்."

"ஐயோ..."

"உள்ள முழுக்கக் கிழிச்சுப் போட்ட பார்சல் பெட்டிங்க. ரொம்ப நாளா அந்த மாவீரன் காலி வீட்டுல திருட்டுத்தனமாத் தங்கியிருக்கான். புரோக்கர் பார்த்துட்டார். அடிச்சுட்டான்!"

"அவன்... அவன்தான்னு எப்படி சார்..."

"அவனை நேர்ல பார்த்த சாட்சி இருக்கே!" இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் கை காட்டினார். "தம்பி, உள்ள வா."

நேற்று பார்சல் எடுத்துப் போன அதே கூரியர்காரன் வந்தான். முப்பது வயசு. தோளில் பை. நூலகரைப் பார்த்து மரியாதையாக வணக்கம் வைத்தான்.

"சொல்லுப்பா."

"ரெண்டு பத்துக்குப் போனேன் சார். கதவைத் தட்டினேன். அந்த ஆள்தான் திறந்தார். ஆறடி இருப்பார். முறுக்கு மீசை. கண்ணு ரெண்டும் செவசெவன்னு... பார்க்கவே பயமா இருந்துச்சு."

நூலகர் தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மழமழவென்றிருந்தது. செருப்போடு நின்றாலும் அவர் ஐந்தடி மூன்று அங்குலத்தைத் தாண்ட மாட்டார்.

"ஆள் மாறியிருக்கப் போகுது. பேர் கேட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேட்காம குடுப்பேனா சார்? அடையாள அட்டையையே வாங்கிப் பார்த்தேன். மாவீரன்னு போட்டிருந்துச்சு. போட்டோவும் அவரேதான். என் முன்னாடிதான் கையெழுத்துப் போட்டார்!"

"பிரமாதம்!" இன்ஸ்பெக்டர் தொடையைத் தட்டினார். "மாவீரன் கணக்கை எந்த போன்லேர்ந்து திறந்தான்னு கேட்டு விட்டிருக்கோம். இன்னும் அரை மணியில தெரிஞ்சுடும். அந்த போன் யார்கிட்ட இருக்கோ, அவன்தான் கொலைகாரன். இன்னிக்கே உள்ள தள்ளிடுவேன்!"

அந்த போன் நூலகரின் சட்டைப் பையில் சூடாக இருந்தது.

அரை மணி!

சொன்னால் ஃபிராடு. கணக்கு போகும், மானம் போகும், காலத்துக்கும் மனைவி சொல்லிக்காட்டுவாள். சொல்லாவிட்டால்... கொலைகாரன்! மகள் வந்து இறங்கும்போது அப்பா பின்னறைக்குப் பதில் ஜெயிலறையில் இருப்பார்.

அப்போதுதான் அவருக்குச் சுரீர் என்று உறைத்தது.

இல்லாத ஆளுக்கு ஏது அடையாள அட்டை?!

"சார்..." என்று வாயைத் திறந்தார்.

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

நாலு மணி! மேஜை மேல் டைம்பீஸ் துள்ளியது. இன்ஸ்பெக்டர் அதன் மண்டையில் தட்டினார். நிற்கவில்லை. கவிழ்த்தார். நிற்கவில்லை. கான்ஸ்டபிள் ஓடிவந்து துண்டைப் போட்டு மூடினார். துண்டுக்குள் இன்னும் உற்சாகமாக அடித்தது.

"இதை எப்படிய்யா நிறுத்தறது?!"

"பேட்டரியைக் கழட்டணும் சார்! குறிப்புல நாலாவது பாயின்ட்டாப் போட்டிருக்கேன்!"

"எவன்யா குறிப்பு படிக்கறான்! பேட்டரியோடவா அனுப்புவாங்க?!"

"இதான் சார் முதல் தடவை... எனக்குத் தெரியல! சார், நான் ஒண்ணு சொல்லணும்! மாவீரன்..."

"என்ன? காதுல விழல!"

"மாவீரன்... நான்..."

"சத்தமாச் சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டர் மூடியைப் பிடுங்கிப் பேட்டரியை உருவினார். சத்தம் பொட்டென்று நின்றது. அந்த நிசப்தத்தில், ஸ்டேஷனின் கடைசி அறை வரைக்கும் கேட்கிற மாதிரி நூலகரின் குரல் ஒலித்தது.

"மாவீரன் நான்தான்!"

லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் எழுந்து எட்டிப் பார்த்தான்.

மனைவி வாயைப் பிளந்தாள்.

"நீங்களா? கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல ஏறுற ஆளு... மாவீரனா?!"

நூலகர் எல்லாவற்றையும் கொட்டினார். திருட்டுக் கணக்கு, அறுபது, காலி வீடு... ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது.

"நான் பண்ணது தப்பு சார். ஏமாத்து வேலைதான். ஆனா அந்தப் பேரே நான் கட்டிலுல படுத்துக்கிட்டு யோசிச்ச பேரு! அந்தப் பேர்ல ஒரு அட்டையை இந்தத் தம்பி எங்க சார் பார்த்தான்? மீசையும் ஆறடியும் எங்கேர்ந்து வந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் நூலகரை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"ஏம்ப்பா... முகத்தை நல்லாப் பார்த்தியா?"

"மறக்கவே... மறக்காது சார்..." கூரியர்காரனின் குரல் கீழே போயிருந்தது.

"மறக்காதா? இதோ, மாவீரன் உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கார். நேத்து காலையில இவர்கிட்ட பார்சல் வாங்கினவனும் நீதான். அடையாளம் தெரியலையா?"

கூரியர்காரன் வாசலைப் பார்த்தான்... பாய்ந்தான்!

மனைவி காலை நீட்டினாள்.

தொபீர்!

கான்ஸ்டபிள் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தோள்பை வாய் பிளந்து சிதறியது. பேக்கிங் டேப். கத்தி. ஒரு டஜன் துணி சோப்பு!

"சோப்பு!" என்று கத்தினாள் மனைவி. "அடப்பாவி! என் ஹேர் டிரையர் எங்கடா?!"

"சொல்லிடறேன் சார்... அடிக்காதீங்க..." தரையோடு தரையாகக் கிடந்து அழுதான் அவன். "அந்த வீட்டுச் சாவி மீட்டர் பெட்டி மேலயே இருக்கும். மூணு மாசமா மத்தியானத்துல அங்க உட்கார்ந்து பார்சலைப் பிரிப்பேன். நல்ல பொருளை எடுத்துட்டு சோப்பை வெச்சு ஒட்டிடுவேன். நேத்து அந்தக் காலி வீட்டு விலாசத்துக்கே ஒரு பார்சல்... கேட்க ஆளில்லைன்னு பிரிச்சேன். பார்த்தா குப்பை..."

"யாருடா குப்பை?" நூலகர் எழுந்துவிட்டார். "ஒன்பது குறைதான்டா அதுல! எல்லாத்தையும் எழுதியிருக்கேன்!"

"உட்காருங்க மாவீரன்!" என்றார் இன்ஸ்பெக்டர். "நீ சொல்லுடா."

"அந்த நேரம் பார்த்து புரோக்கர் வந்துட்டார் சார். போலீஸுக்குப் போறேன்னார். கையில கிடைச்ச ஸ்டூலால... ஒரு அடிதான் சார். பயந்துபோய் எல்லாத்தையும் போட்டுட்டுப் பூட்டிட்டு ஓடிட்டேன். பெட்டி மேல அந்த வீட்டு விலாசமும் மாவீரன்ங்கற பேரும் இருந்துச்சே... டெலிவரி ஆச்சுன்னு போட்டு, பழியை அவன் மேல கட்டிடலாம்னு..."

இழுத்துக்கொண்டு போனார்கள்.

நூலகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மனைவியை ஏறிட்டுப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.

"என்னை மன்னிச்சுடும்மா. அந்தப் பூங்கொத்து யாரோ பாவம்... நாற்பதுக்கு ஆசையாக் கேட்டுச்சு. நான் குறுக்கே பூந்து கெடுத்தேன். அதுக்கே குடுத்திருந்தா இவ்வளவும் வந்திருக்காது."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"என்னம்மா?"

"ஒரு வாரமா ஒருத்தரும் கேட்கலைன்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு உட்கார்ந்திருந்தீங்க. சோறு வேண்டாம்னுட்டீங்க. பார்க்க சகிக்கல... சரி, மனுஷன் ஒரு நாளாவது சிரிக்கட்டுமேன்னு..."

"என்னம்மா சொல்றே?"

"பூங்கொத்து நான்தாங்க! சமையல்கட்டுல நின்னுக்கிட்டு நாற்பது வரைக்கும் கேட்டேன். எவனோ மாவீரனாம், அறுபதுன்னு என் தலையில ஏறி மிதிச்சுட்டுப் போனான்! சரி, தொலையுது, சனியன் வீட்டை விட்டுப் போச்சேன்னு விட்டுட்டேன்!"

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"ஆக... ஏலத்துல கேட்டது ரெண்டே ரெண்டு பேர். ரெண்டு பேரும் ஒரே வீடு. ஒருத்தர் படுக்கையறை, ஒருத்தர் சமையல்கட்டு!"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கிளம்புங்க ரெண்டு பேரும். திருட்டுக் கணக்கை இன்னிக்கே மூடிடணும், சொல்லிட்டேன். கேஸ் முடிஞ்சதும் மறக்காம வந்து இந்த டைம்பீஸைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போங்க."

மாவீரனும் பூங்கொத்தும் வாசலில் நின்று திரும்பினார்கள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள்.

"விற்ற பொருள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது சார்!"