ஹவ்வாவின் முதல் நாள்

காலை எட்டு மணிக்கு ஆலை வாசலில் வரவேற்புப் பாட்டை ஓடவிட்டு, கல்கண்டுத் தட்டை மேசையில் வைத்து, அன்றைய புதியவர்களின் டம்ளர்களை வரிசையாக அடுக்குவேன். ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்திருக்கும். தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இது. நான் ஜெசிந்தா, வரவேற்பு அலுவலர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே தங்களை அந்நியராக நினைத்துவிடக் கூடாது என்று அரவணைப்புச் சட்டம் உண்டாக்கிய பதவி. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஹவ்வாவின் டம்ளரில் ஒரு நெளிசல் இருந்தது. புதிது ஒன்று கேட்டேன். இருப்பதையே கொடுங்கள் என்றார் மேலாளர்.

"வணக்கம். என் பெயர் ஹவ்வா. இந்த ஊருக்கு நான் புதியவள்" என்றது அவள் சட்டையில் குத்தியிருந்த மொழிவில்லை. மூழ்கிப்போன மாலத்தீவின் கடைசிக் கப்பலில் வந்தவள். அவள் தன் தாய்மொழியான திவெஹியில் பேசப் பேச, அந்த வில்லை தமிழில் சொல்லும்.

பையிலிருந்து கையகலப் புகைப்படம் ஒன்றை எடுத்து நீட்டினாள். முன்பல் விழுந்த ஒரு பெண்குழந்தை.

"என் மகள் ஷியா. அகதி முகாமில் இருக்கிறாள். ஆறு வயது. ஓராண்டு வேலை பார்த்தால் அவளை அழைத்துக்கொள்ளலாமாமே?"

"ஆமாம்மா. ஒரே வருசம்தான். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றேன்.

இதே படத்தைப் பார்த்து இதே பதிலை நான் சொல்வது அது நான்காவது முறை. ஷியாவுக்கு ஒன்பது வயது முடிந்திருக்கும்.

சட்டப்படி எந்த ஆலையிலும் நான்கில் ஒருவர் புதியவராக இருக்க வேண்டும். வந்து ஓராண்டு ஆகாதவர்தான் புதியவர். இல்லையென்றால் உரிமம் போய்விடும். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் கடல் எல்லையை அடைத்த பிறகு புதிதாக வர யார் இருக்கிறார்கள்? அதனால் முந்நூற்று அறுபத்து நான்காம் நாள் அவர்களை ஆலை மருத்துவமனைக்கு அழைத்துப்போவார்கள். புத்துணர்வு நாள் என்று அதற்குப் பெயர். உள்ளே, இந்த ஊரில் கழித்த ஓராண்டை அவர்கள் நினைவிலிருந்து துடைத்தெடுப்பார்கள். சேர்ந்த அன்று அவர்கள் கையெழுத்திட்ட இருபது பக்கத் தாளில் அதற்கும் சம்மதம் இருக்கிறது. முதல் ஆண்டில் முகாமோடு பேசக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. பழைய உறவுகள் மனம் ஒன்றுவதைக் கெடுக்குமாம்.

வரிசையில் நின்ற பதினோரு பேரும் அப்படித் துடைக்கப்பட்டவர்கள்தான்.

ஆலை நின்றால் ஊருக்கே தண்ணீர் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அது வெறும் சாக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

புதியவர்கள் முதல்நாள் தேநீர் குடிப்பதை அரவணைப்பு ஆணையத்தின் ஆய்வாளர் நேரில் பார்த்துத்தான் முத்திரை போடுவார். அந்த ஆண்டு சங்கரபாண்டியன் என்ற புது ஆய்வாளர் வந்திருந்தார். கறாரான ஆள் என்று பேர்.

ஹவ்வா டம்ளரை வாங்கினாள். கட்டைவிரல் தானாக அந்த நெளிசலில் போய் உட்கார்ந்தது. தலையை அண்ணாந்து, டம்ளரை உயர்த்தி, உதட்டில் படாமல் தேநீரை ஊற்றிக் குடித்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

முதல் ஆண்டில் நான் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. சட்டையெல்லாம் நனைந்து, புரையேறி, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அன்று கைதவறி விழுந்துதான் அந்த டம்ளர் நெளிந்தது.

"என்ன மேடம், இந்தம்மா அண்ணாந்துல்லா குடிக்காவ?" என்றார் சங்கரபாண்டியன். "நெசமாவே இன்னைக்கு வந்தவங்கதானா?"

ஹவ்வா தன் கையையே விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல வாய்ப்பு வரப்போவதில்லை என்று தோன்றியது. அவரை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலாவது வருடம் என்பது, புத்துணர்வு நாள், ஷியா, எல்லாம்.

"எழுதிக்கோங்க சார். நான் சாட்சி சொல்லுதேன். அந்தப் பிள்ளைய எப்பவோ கூட்டிட்டு வந்திருக்கணும்."

அவர் கையிலிருந்த மின்பலகையை அணைத்துவைத்தார்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" குரலில் கோபமே இல்லை. "நாங்களும் மேல கணக்குக் காட்டணும்லா மேடம். ஆனா இது கண்ணுல குத்துது. கைப்பழக்கம் அப்படியே கெடக்கு. இன்னும் கொஞ்சம் ஆழமா எடுக்கச் சொல்லுங்க டாக்டர்கிட்ட. அடுத்த வாரம் வந்து பாக்கேன்."

"சார், ஆழமா எடுத்தா..."

"நீங்க சொன்னதும் நல்லதாப் போச்சு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று மதியமே ஹவ்வாவைக் கூட்டிப்போனார்கள். படியேறும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அறிமுகமாகி நாலு மணி நேரமே ஆன அக்காவுக்கு.

அடுத்த வாரம் காலை எட்டு மணிக்கு அதே பாட்டு, அதே கல்கண்டு. சங்கரபாண்டியன் ஓரத்தில் நின்றார். ஹவ்வா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பில் வாய் வைத்து உறிஞ்சினாள். அவர் தலையாட்டி முத்திரை போட்டார்.

கோப்பில் அவளுடைய குடும்பம் பற்றிய பக்கம் இருந்தது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கம்மா?"

அவள் யோசித்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல் பையைத் திறந்து அந்தப் புகைப்படத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"இது என் பையில் கிடந்தது. யாரோ தவறவிட்டிருக்கிறார்கள்" என்றது மொழிவில்லை. "பத்திரமாக வைத்திருங்கள். இந்தக் குழந்தையின் அம்மா தேடிக்கொண்டிருப்பாள்."