பச்சை முத்திரை ரத்தம்

"திருடி! என் பிள்ளையை மாத்திட்டா!"

ஓர் அப்பனின் கத்தலில் பெனின் நகரின் அந்தப் பிரசவ வார்டு அதிர்ந்தது.

லேப் டெக்னீஷியன் ஐசோகென் படியிறங்கி ஓடி வந்தாள்.

நர்ஸ் அடெசுவாவின் கைகளில்... விலங்கு!

வாசலில் கும்பல். ஒருவன் தோளில் பழைய டயர். இன்னொருவன் கையில் பெட்ரோல் கேன்.

அது எதற்கென்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

"ஐசோகென் அக்கா! போலீஸ் ஜீப் கேட்டைத் தாண்டாது... அதுக்குள்ள கழுத்துல டயரை மாட்டி என்னைக் கொளுத்திடுவாங்க!"

ஐசோகெனுக்குத் தெரியும். காரணம் அவள்தான். பிறந்து இரண்டு நாளான குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்து, காலையில் அவள் எழுதிய ஒரே வரி.

ஹீமோகுளோபின்... எஸ் எஸ்!

வாழ்நாள் முழுக்க எலும்பை முறுக்கும் சிக்கிள் செல் நோய்.

குழந்தையின் அப்பன் ஒசாரெடின் இரண்டு காகிதங்களை வீசி ஆட்டினான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி சர்ச்சே பார்த்து ஒத்துக்கிட்ட ரத்த சர்டிஃபிகேட்! அவ ஏ ஏ... நானும் ஏ ஏ! எஸ் எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்து குதிச்சுதா?"

இன்ஸ்பெக்டர் எகோசா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அம்மாகிட்ட ஒரு எழுத்து, அப்பாகிட்ட ஒரு எழுத்து; ரெண்டும் எஸ்ஸா இருந்தாத்தான் நோய். சின்னப் புள்ளைக்கே தெரியும் இந்தக் கணக்கு. சனிக்கிழமை எனக்குக் கல்யாணம், மேடம்... வழிய விடுங்க."

ஐசோகென் நகரவில்லை. அவள் பார்வை கட்டிலில் இருந்தது.

தாய் இவியே... பிள்ளையை நெஞ்சோடு இறுக்கியிருந்தாள்.

மாறிப்போன குழந்தையை யார் இப்படிப் பிடித்துக்கொள்வார்கள்?

"ஒரு மணி நேரம் குடுங்க. ரெண்டு பேரும் விரலை நீட்டுங்க."

"எதுக்கு? அதான் பேப்பர்ல இருக்கே!" ஒசாரெடின் குரல் லேசாக உடைந்தது.

"பேப்பர்ல ஓடுறது மை, சார்."

"நீட்டுய்யா!" எகோசா உறுமினார்.

ஐம்பது நிமிடம்...

வாசலில் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தது.

ஐசோகென் திரும்பி வந்தாள்.

"இவியே... நீ ஏ எஸ்!"

இவியே உடைந்தாள். "ஒரு எஸ் இருந்தாலே எங்க சர்ச்ல மோதிரம் மாத்த விடமாட்டாங்க... இவரை விட்டுட முடியலக்கா! மோட்டார் பார்க் பக்கத்து லேப்ல ஏ ஏ-ன்னு எழுதி வாங்கிட்டேன்."

"ஏமாத்துக்காரி!" ஒசாரெடின் கை ஓங்கினான்.

"கைய இறக்குங்க சார்!" ஐசோகென் சீறினாள். "ஒரு எஸ் அவளோடது. இன்னொண்ணு?"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"நீங்களும் ஏ எஸ்!"



"அதே... அதே லேப்தான்..." ஒசாரெடின் தொப்பென்று உட்கார்ந்தான். "அவ ஏ ஏ-ன்னு நம்பித்தான்... நான் ஒருத்தன் பொய் சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றாள் இவியே.

குழந்தை வீறிட்டது. நாளை அந்த நோய் முறுக்கப்போகும் பிஞ்சு விரல்களைப் பார்க்க ஐசோகெனுக்குத் தைரியம் வரவில்லை.

எகோசா வாசலுக்குப் போய்க் கும்பலை விரட்டினார். திரும்பி வந்து விலங்கைக் கழற்றினார். அடெசுவா மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"குழந்தைய யாரும் மாத்தல சார். பேப்பர்ல ரத்தத்தைத்தான் மாத்தியிருக்காங்க," என்றாள் ஐசோகென்.

எகோசா சிரிக்கவில்லை. இரண்டு சர்டிஃபிகேட்டிலும் இருந்த அந்த லேபின் பச்சை முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை!

"மேடம்..."

"என்ன சார்?"

"சனிக்கிழமைக்குள்ள இன்னொரு விரலைக் குத்த முடியுமா? பொண்ணு வீட்ல குடுத்த பேப்பர்லயும்... இதே பச்சைதான்!"

ஐசோகென் ஊசியை எடுத்தாள்.

"ரெண்டு விரலாக் குத்திடலாம் சார்... உங்க பேப்பர் என்ன கலரு?"