மூன்று மணிச் சேதி

மலை மேலே கியா பார்ம் பக்கமிருந்து இறங்கிய பனி, பகல் இரண்டரைக்கே தேயிலை எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலை மூடிவிட்டது. பெரிய கிராணியான, அதாவது தலைமைக் குமாஸ்தாவான, சாம்பசிவத்தின் மேசையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று, வெளியூர்ச் சேதியை அச்செழுத்தில் அடித்துத் தரும் பழைய டெலக்ஸ். மற்றது சோதனைக்கு வந்த புதிய ஃபேக்ஸ். எது வேண்டும் என்று தலைமை ஆபீசுக்கு இன்றே எழுத வேண்டும்.

"பழசை அனுப்பிருங்க சார்," என்றாள் டைப்பிஸ்ட் ரஞ்சிதம், தாழ்ந்த குரலில். "மூணு மணியானா அதுவா அடிக்குது."

அவருக்கும் தெரியும். ஆங்கில எழுத்தில் தினமும் ஒரே தமிழ் வரி.

அம்மா கிளம்பிட்டாங்களா?

போன வருடம் ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்த சிறுமி பவளம், இங்கே கொழுந்து பறிக்கும் தாய் வேலாயியைக் கேட்டு அழுதாள். அங்குள்ள கிளை ஆபீஸ் வழியாகச் சேதி டெலக்ஸில் வந்தபோது மணி மூன்று. மாலையில் இலை எடை போட்ட பிறகுதான் கெட்ட சேதி சொல்வது எஸ்டேட் வழக்கம். நடுவில் சொன்னால் மலையே வேலையை விட்டு இறங்கிவிடும். சாம்பசிவம் தாளை டிராயரில் போட்டார். ஐந்தரைக்குக் கூப்பிட்டு, "இப்பத்தான் வந்துச்சு" என்றார். வேலாயி லோரியில் போய்ச் சேருமுன் பிள்ளை போய்விட்டது. அந்தப் பொய் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

இப்போது டெலக்ஸின் பிளக்கைப் பிடுங்கினார். கடிகாரம் மூன்று அடித்தது. மெஷின் அசையவில்லை. அப்பாடா என்று, 'புதியதே நல்லது' என எழுதத் தொடங்கினார்.

ஃபேக்ஸ் முனகியது.

தாள் சூடாக வெளியே வந்தது. டெட்டால் வாடை அடித்தது.

இம்முறை அச்செழுத்து இல்லை. புதிய மெஷினுக்குக் கையெழுத்தையே கொண்டுவரத் தெரியும்.

கோணல்மாணலான பிள்ளைக் கையெழுத்து. அதே கேள்வி.

டிராயரிலிருந்த பழைய தாளையும் எடுத்துக்கொண்டு மலையேறினார். வேலாயி கூடையோடு நிமிர்ந்தாள்.

"அன்னிக்குச் சேதி மூணு மணிக்கே வந்துச்சு வேலாயி. நான்தான் மறைச்சிட்டேன்."

அவள் கத்தவில்லை. "அதுவரைக்கும் எம்புள்ள வாசலப் பாத்துக்கிட்டே கெடந்துச்சுங்களா ஐயா?"

அவர் பழைய தாளை அவளிடம் நீட்டினார்.

மறுநாள் டெலக்ஸை லோரியில் ஏற்றி அனுப்பினார்கள். மூன்று மணிக்கு ரஞ்சிதம் ஃபேக்ஸ் தாளைக் கிழித்து அவர் முன் வைத்தாள்.

அதே கையெழுத்து.

கிராணி கிளம்பிட்டாரா?