மிகைக் கலத்தின் அடிநீர்

சித்திரைப் பௌர்ணமியன்று, மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே கடலுக்கு மேல் சந்திரன் ஏற, பகலென்றும் இரவென்றும் சொல்ல முடியாத அந்த இரண்டுங்கெட்டான் வேளையில், வெண்கழித் துறையைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். கடல் உள்ளே புகுந்து அகன்று கிடந்த உப்பங்கழியில், தாழம்புதர்களின் நறுமணத்துக்கு நடுவே, சோழ நாட்டின் காப்புக் கலங்கள் நாற்பதும் பாய் இறக்கி, வடம் பிணைத்து, வரிசை வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் இடமும் வலமுமாக இரண்டு பெரிய கண்கள் தீட்டப்பட்டிருந்தன. போர் வந்தால் உதவட்டும் என்று ஒதுக்கி வைத்த கலங்கள் அவை. புதிய கலங்கள் கட்டப்பட்ட பிறகு அவற்றைத் தேடி வருவார் இல்லை.

வாசகர்களே, இத்தனை அழகையும் ரசிக்கும் நிலையில் அங்கே ஒருத்தி இல்லை. அந்தக் கலங்களைக் காக்கும் பொறுப்பிலிருந்த அதிகாரிச்சி அரிஞ்சிகையைத்தான் சொல்கிறோம். முன்வரிசையில் நின்ற 'அலைவாய்ச் செல்வி' என்னும் கலத்தின் மேல்தளத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். 

இரண்டு மாதங்களுக்கு முன் வடதிசைப் பாசறைக்குப் போன கலபதி கொற்றன் திரும்பி வந்துவிட்டான். மன்னரிடம் திருமணத்துக்கு அனுமதி பெற்று வருவதாக அவள் கையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனவன், வந்து அரை நாழிகையாகியும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவனோடு நந்திசேனன் என்னும் அயல்நாட்டு வணிகனும், அவனுடைய படகோட்டிகள் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். சித்திரைப் புழுக்கத்தில் ஊரே வேர்த்துக் கொட்ட, அந்த வணிகன் மட்டும் பட்டுப் போர்வையால் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, அரிஞ்சிகைக்கு ஒரு முழம் தள்ளி நின்று புன்னகை புரிந்தான்.

கொற்றன் மன்னரின் ஓலையை உரக்க வாசித்தான்.

"நாம் பாசறையில் இருக்கிறோம். ஒவ்வொரு கலத்துக்கும் நம்மைக் கேட்டு ஆள் அனுப்பினால், விடை வருவதற்குள் கலம் மக்கிப் போகும். ஆகையால் காப்புக் கலங்களில் பழுதானவை, மிகையானவை எவையெனத் தேர்ந்து கழிக்கும் அதிகாரத்தைக் கலபதி கொற்றனுக்குத் தந்தோம். இதில் அவன் கை நம் கை. அவன் சொல் நம் சொல். நல்ல கலத்தைப் பழுதென்று சொல்லும் நாக்கு, எவருடையதானாலும் அறுபடும்."

வாசித்து முடித்தவன் குரல் மாறாமலே சொன்னான்: "நாற்பதும் பழுது. நாற்பதையும் இந்த வணிகரிடம் ஒப்படைக்கத் தீர்மானித்திருக்கிறேன். இன்று நீர் வடியும்போதே இவை கடலுக்குப் போகட்டும்; கழிமுகத்துக்கு வெளியே இவருடைய ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள்."

தளத்திலிருந்த மாலுமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.  போன மாதந்தான் அரிஞ்சிகை முன்னின்று நாற்பது கலங்களின் பலகை இடுக்குகளையும் அடைக்க வைத்திருந்தாள். கடாரத்துப் பகைவர்கள் கலங்களுக்காக அலைகிறார்கள் என்ற செய்தியும் அவள் காதுக்கு எட்டியிருந்தது. கொற்றன் விலைபோய்விட்டானா? அந்த நினைப்பே அவளைக் கொன்றுவிடும்போல் இருந்தது.

"இருந்தாலும் துறைமுறை தவற வேண்டாம். அடிநீர் பார்த்துவிடுவோம்" என்றான் கொற்றன்.

வணிகனின் புன்னகை சற்றுச் சுருங்கியது. "எதற்குக் கலபதியாரே? தங்கள் சொல்லே மன்னர் சொல் அல்லவா?"

"அடிநீர் பாராத கலத்தின் வடத்தை இந்தத் துறையில் ஒருவனும் அவிழ்க்கமாட்டான்" என்றான் கொற்றன்.

அது உண்மைதான். கலத்தின் அடிவயிற்றில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். கழிக்கும் அதிகாரம் பெற்றவர் அதை முதலில் சுவைக்க வேண்டும். கலம் காப்பவர் அடுத்துச் சுவைக்க வேண்டும். உப்புக் கரித்தால் கடல் உள்ளே கசிகிறது, கலம் பழுது. உப்பில்லாமல் இருந்தால் அது மேலிருந்து விழுந்த மழைநீர், கலம் நல்லது. பல கலங்களை ஒன்றாய்க் கழிக்கும்போது முன்நிற்கும் கலத்தில் பார்த்தால் போதும்.

கலத்தைச் செலுத்தும் மீகாமன் உலகன் உள்ளே இறங்கி ஒரு சிரட்டையில் அடிநீர் மொண்டு வந்தான். கொற்றன் ஒரு வாய் குடித்தான்.

"உப்பு" என்றான்.

சிரட்டை அரிஞ்சிகையின் கைக்கு வந்தது.  அவள் ஒரு வாய் குடித்தாள். கலங்கலும் மரநாற்றமும் இருந்தன; உப்பு மட்டும் துளியும் இல்லை. போன வாரத்துக் கோடை மழையல்லவா அது!

கொற்றன் பொய் சொல்லிவிட்டான். ஆனால், அடிநீர் பார்க்கச் சொன்னவனும் அவன்தானே? வணிகன் வேண்டாம் என்றபோதும் வற்புறுத்தியவன் அவன்தானே? திருடனாக இருந்தால் தானே வலியப் போய் விளக்கை ஏற்றிக் காட்டுவானா? அவள் மெல்ல நிமிர்ந்தாள். அவன் இப்போது அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது பேராசையல்ல, பயம். கடும் புயலிலும் பாட்டுப் பாடிக்கொண்டு சுக்கான் பிடித்தவன் பயந்து போயிருந்தான். வணிகனின் போர்வைக்குள் ஏதோ அசைந்தது.

கத்தி! கொற்றனுக்குக் கத்தி காட்டித்தான் இதெல்லாம் நடக்கிறது. 'மழைநீர்' என்று அவள் வாய் திறந்தால் கலங்கள் பிழைக்கும், அவன் இறப்பான். 'உப்பு' என்றாலோ நாற்பது கலங்களும் பகைவன் கைக்குப் போகும். மாலுமிகள் காத்திருந்தார்கள்.

"என்ன தாயீ, உப்பா, இல்லியா? சொல்லுங்க" என்றான் உலகன்.

"உப்புதான்" என்றாள் அரிஞ்சிகை.

வணிகன் மூச்சு விட்டது கேட்டது. அவள் உடனே தொடர்ந்தாள். குரலில் அதிகாரத்தை வரவழைத்துக்கொண்டாள். "இனிக் கலத்தின் கண்களை மூட வேண்டும். வலக்கண்ணை அதிகாரம் பெற்றவரும் இடக்கண்ணைக் கலம் காப்பவரும் தம் கையால் மெழுகு பூசி மூட வேண்டும். முகப்பில் கயிறு இறக்குங்கள், உலகரே!"

"இதுவும் வேண்டுமா?" என்றான் வணிகன்.

"கண் திறந்திருக்கிற கப்பல யாரு சாமி அடுத்தவன்கிட்ட குடுப்பா? பாவம் புடிச்சிக்கும்!" என்று உலகன் சீறினான். சுற்றிலும் இருபது சோழ மாலுமிகள் ஆமென்று தலையசைத்தார்கள். வணிகன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு வழிவிட்டான்.

முகப்பின் இருபுறமும் இருவரும் கயிற்றில் இறங்கினார்கள். நிலா நன்றாக ஏறிவிட்டது. ஆள் உயரக் கண் ஒன்று அரிஞ்சிகையின் முகத்துக்கு நேரே அவளை விழித்துப் பார்த்தது. முன்மரத்துக்கு அப்பாலிருந்து கொற்றனின் குரல் மெல்ல வந்தது.

"அரிஞ்சிகை, நீரைச் சுவைத்தாயா?"

"சுவைத்தேன். கத்தியிலிருந்து உங்களை விலக்க வேறு வழி தெரியவில்லை."

"கத்தி எனக்கல்ல பெண்ணே. வழியில் என்னை மடக்கியவர்கள் அவர்கள். ஒரு சொல் பிசகினால் நஞ்சு தோய்ந்த அந்தச் சுரிகை உன் விலாவில் இறங்கும் என்றான். அவன் உன்னை விட்டு ஒரு முழம்கூட நகரவில்லை, பார்த்தாயா?"

 அந்தப் பட்டுப் போர்வைக்கு ஒரு முழத் தொலைவில் இவ்வளவு நேரம் நின்றிருந்தோமே என்று அரிஞ்சிகை எண்ணியபோது, கயிற்றைப் பற்றிய விரல்கள் தாமாகவே நழுவப் பார்த்தன.

"குதி!" என்றான் கொற்றன்.

இருவரும் ஒரே சமயத்தில் கழியில் விழுந்தார்கள். தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் அரிஞ்சிகை தொண்டை கிழியக் கத்தினாள்: "மழைநீர்! உலகரே, கலம் நல்லது! அவன் ஒற்றன், பிடியுங்கள்!"

மேலே ஒரே களேபரம். போர்வை பறந்தது; சுரிகை நிலவில் பளிச்சிட்டது. உலகனின் துடுப்பு அதைத் தட்டிவிட்டது. ஆனால் நந்திசேனன் என்று பெயர் சொல்லிக்கொண்ட அந்தக் கடாரத்து ஒற்றன், மாலுமிகளின் கைகளுக்கு நடுவே விலாங்குபோல் வழுக்கித் தன் படகில் பாய்ந்தான். பன்னிரண்டு துடுப்புகளும் ஒன்றாய் விழுந்தன. வடியும் நீரோடு படகு கழிமுகத்தைக் கடந்து மறைந்தது. நாற்பது கலங்களும் நின்ற இடத்திலேயே நின்றன.

சேற்றுக் கரையில் ஏறியதும் கொற்றன் மன்னர் தந்திருந்த முத்திரை மோதிரத்தைக் கையிலிருந்து கழற்றினான்.

"இனி இது மன்னர் கையல்ல. உப்பு என்று சொன்னது என் நாக்கு. பாசறைக்குப் போய் ஒப்புக்கொள்ளப் போகிறேன். நடந்ததற்கு நீ சாட்சி ஓலை எழுதிக் கொடு, போதும்."

"சாட்சியா?" என்றாள் அரிஞ்சிகை. அவள் பற்கள் கிடுகிடுத்தன. "நானும் அல்லவா உப்பு என்றேன்? எவருடைய நாக்கானாலும் என்றுதானே ஓலையில் இருக்கிறது?"

"உன்னை யார் கேட்கப் போகிறார்கள்? பேசாமல் இரு."

"இருக்கமாட்டேன். அலைவாய்ச் செல்வியின் மேல் ஆணை! மன்னர் முன் நீங்கள் வாய் திறக்கும் இடத்தில் நானும் திறப்பேன். மன்னித்தால் இருவரையும் மன்னிக்கட்டும். அறுத்தால் இரண்டையும் அறுக்கட்டும்."

உலகன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "உடம்பு இப்புடி நடுங்குதே, பயமா இல்லியா தாயீ?"

"பயமாகத்தான் இருக்கிறது, உலகரே. பாசறைக்குப் படகை எடுங்கள்."